நண்பருக்கு ஒரு கித்தார்: மரம் குடிக்கும் ஈரத்தை அளப்போம்

ஒரு கித்தாரின் முகப்புப் பலகை எவ்வளவு தடிமனாக இருக்கும்? பார்த்தால் கனமாகத் தெரியும். உண்மையில் அது 2.5 முதல் 3 மில்லிமீட்டர்தான். நீங்கள் எழுதும் பென்சிலின் தடிமனில் பாதிகூட இல்லை. அந்த மெல்லிய பலகையை ஆறு எஃகுத் தந்திகள் ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. வளர்ந்த மனிதர் ஒருவர் அதில் எப்போதும் தொங்கிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு விசையையும் தாங்கி அந்தப் பலகை உடையாமல் இருக்க வேண்டும். அதே நேரத்தில் விரல் நுனி தொட்டாலே அதிரும் அளவுக்கு இலேசாகவும் இருக்க வேண்டும். கையால் கித்தார் செய்பவர்கள் வாழ்நாள் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வேலை செய்கிறார்கள்.

ஒரு கற்பனை செய்வோம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த ஒரு மாணவர், தம்முடன் படித்த நண்பருக்குத் தம் கையாலேயே ஒரு கித்தார் செய்து கொடுக்க விரும்புகிறார். நண்பர் மேற்படிப்புக்காகக் கோலாலம்பூருக்குப் போய்விட்டார். அங்கே அவர் தங்கியிருப்பது குளிர்சாதன வசதி உள்ள அறை. நல்ல மரம், நல்ல கருவிகள், பொறுமை எல்லாம் நம் மாணவரிடம் இருக்கின்றன. ஆனாலும் அவர் ஆசையாகச் செய்த கித்தார், நண்பரின் அறையில் சில வாரங்களுக்குள் முகப்பில் நீளமாக விரிசல் விட்டுவிடலாம். யாரும் அதைக் கீழே போட்டிருக்க மாட்டார்கள். அப்படியானால் அதை உடைத்தது எது?

விடை, கண்ணுக்குத் தெரியாத நீராவி. அதைப் புரிந்துகொள்ள, கித்தார் எப்படி ஒலிக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

பலகைதான் பாடுகிறது

ஒரு தந்தியை மட்டும் இரண்டு ஆணிகளுக்கு இடையே இறுக்கிக் கட்டி மீட்டிப் பாருங்கள். ஒலி மிக மெலிதாகவே கேட்கும். தந்தி ஒல்லியானது; அதனால் அதிகக் காற்றைத் தள்ள முடியாது. அதே தந்தியை ஓர் அகலமான பலகையோடு இணைத்தால் தந்தியின் அதிர்வு பலகைக்குப் போகிறது. பலகை தன் பரப்பு முழுவதாலும் காற்றைத் தள்ளுகிறது. மேசை மேல் வைத்த கைத்தொலைபேசி அதிரும்போது, கையில் வைத்திருந்ததைவிடச் சத்தம் அதிகமாகக் கேட்பதற்கும் இதே காரணம்தான்.

கித்தாரில் இந்த அதிர்வைப் பலகைக்குக் கொண்டு போகும் சிறு கட்டைக்கு வீணையில் உள்ள பெயரையே சொல்லலாம்: குதிரை. குதிரை அழுத்தி இழுக்கும் முகப்புப் பலகையே கித்தாரின் குரல்.

பலகைக்குப் பின்னால் ஒரு பெட்டி இருக்கிறது, அதில் வட்டமாக ஒரு துளை. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ‘ஊ’ என்று ஒலிக்கும் அல்லவா? கித்தார் பெட்டிக்குள் இருக்கும் காற்றும் அதே முறையில் தனக்கென ஓர் அதிர்வெண்ணில் ஒலிக்கிறது. சாதாரண அளவுள்ள கித்தாரில் அது 100 ஹெர்ட்ஸ் அருகில் இருக்கும். தாழ்ந்த சுரங்களுக்கு முழக்கம் தருவது இந்தக் காற்றின் ஒத்ததிர்வுதான்.

70 கிலோ எங்கிருந்து வந்தது?

இதை நீங்களே கணக்கிடலாம். தந்தியில் ஓடும் அலையின் வேகம், தந்தி நீளத்தின் இருமடங்கை அதிர்வெண்ணால் பெருக்கிய விடைக்குச் சமம். அந்த வேகத்தின் வர்க்கத்தை, ஒரு மீட்டர் தந்தியின் பொருண்மையால் பெருக்கினால் இழுவிசை கிடைக்கும்.

கித்தாரின் மிக மெல்லிய தந்தியை எடுத்துக்கொள்வோம். அதிரும் நீளம் 0.65 மீட்டர். அதிர்வெண் 329.6 ஹெர்ட்ஸ். ஆகவே அலையின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 428 மீட்டர். அந்தத் தந்தி 0.3 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் கம்பி என்றால், ஒரு மீட்டரின் பொருண்மை ஏறக்குறைய 0.55 கிராம், அதாவது 0.00055 கிலோகிராம். பெருக்கிப் பாருங்கள்: சுமார் 100 நியூட்டன் வரும். அது 10 கிலோ எடைக்குச் சமம். ஒரே ஒரு தந்திக்கு இவ்வளவு! மற்ற தந்திகள் தடிமன் கூடியவை. அவற்றில் சில இன்னும் பலமாக இழுக்கும். ஆறையும் கூட்டினால் 70 கிலோவை நெருங்கிவிடும். நைலான் தந்திகள் என்றால் மொத்தம் ஏறக்குறைய 40 கிலோ.

இந்த விசையைத் தாங்கப் பலகையைத் தடிமனாக வைத்துவிட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். ஒரு பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 3 மி.மீ. பலகையை 2.4 மி.மீ. ஆக இழைத்தால், தடிமன் குறைவது ஐந்தில் ஒரு பங்குதான். விறைப்போ பாதியாகக் குறைந்துவிடும். பலகையைத் தடிமனாக்கினாலும் இதே கணக்குத்தான்: கொஞ்சம் கூடினாலே விறைப்பு மளமளவென்று ஏறி, பலகை அதிர மறுத்துவிடும். அதனால்தான் கைவினைஞர் கடைசிக் கட்டத்தில் இழைப்புளியை ஓரமாக வைத்துவிட்டு, பலகையை விரலால் தட்டித் தட்டிக் கேட்டு, பத்தில் ஒரு மில்லிமீட்டராகச் சுரண்டுகிறார்.

மெல்லிய பலகை குழிந்து போகாமல் இருக்க, உட்புறத்தில் ஒல்லியான தாங்கு கட்டைகளை ஒட்டுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892) அவற்றை விசிறி போல விரித்து அமைக்கும் முறையை நிலைநிறுத்தினார். இன்றைய நைலான் தந்திக் கித்தார்கள் பெரும்பாலும் அவர் வழியில் வந்தவை. ஜெர்மனியில் பிறந்து 1833இல் அமெரிக்காவுக்குக் குடியேறிய சி. எஃப். மார்ட்டினின் பட்டறையில், 1840களில் கட்டைகளைக் குறுக்காகப் பெருக்கல் குறி போல அமைக்கும் முறை வந்தது. பின்னாளில் எஃகுத் தந்திக் கித்தார்களைத் தாங்கியது அந்த முறைதான்.

அரிய மரம் வேண்டுமா?

நல்ல கித்தார் என்றால் விலை உயர்ந்த, எங்கோ தூர நாட்டில் விளையும் மரம் வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். தோரெஸ் இதை 1862லேயே சோதித்துப் பார்த்தார். முகப்புப் பலகையை மட்டும் நல்ல மரத்தில் செய்து, பின்பக்கத்தையும் பக்கங்களையும் காகிதக்கூழ் அட்டையால் செய்து ஒரு கித்தாரை உருவாக்கினார். குரலைத் தீர்மானிப்பது முகப்புப் பலகைதான் என்று காட்டுவதே அவர் நோக்கம். அந்த அட்டைக் கித்தார் இன்றும் பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் இதே கேள்வியை வேறு விதமாகச் சோதித்தார்கள். ஆறு கித்தார்கள், எல்லாம் ஒரே வடிவம், ஒரே கைவினைஞர் செய்தவை. பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் மட்டும் ஆறு வெவ்வேறு மரங்கள், மலிவானது முதல் மிக அரியது வரை. 52 கித்தார் கலைஞர்கள், எது எந்த மரம் என்று கண்ணுக்குத் தெரியாதபடி மங்கிய ஒளியில் அவற்றை வாசித்து மதிப்பெண் கொடுத்தார்கள். மதிப்பெண்களில் பெரிய வேறுபாடே இல்லை. அரிய மரம் கூடுதலாக எதையும் வென்றுவிடவில்லை.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. கோலாலம்பூரைச் சேர்ந்த கித்தார் கைவினைஞர் ஜெஃப்ரி யோங், உள்ளூரில் கிடைக்கும் மரங்களைக் கொண்டு கித்தார் செய்வதற்குப் பெயர் பெற்றவர். 2006இல் அமெரிக்காவின் தக்கோமா நகரில், அமெரிக்கத் தந்திக்கருவிக் கைவினைஞர் சங்கத்தின் மாநாடு நடந்தது. எது யாருடைய கித்தார் என்று தெரியாமலேயே கேட்டு மதிப்பிடும் தேர்வில், அவருடைய தூங்குமூஞ்சி மரக் கித்தார் முதலிடம் பெற்றது.

தூங்குமூஞ்சி மரத்தை நமக்குத் தெரியும். மாலையானால் இலைகளை மடித்துக்கொள்வதால் மலாயில் அதற்குப் ‘புக்குல் லீமா’, அதாவது ‘ஐந்து மணி’ மரம் என்றும் பெயர். தைப்பிங் ஏரிப் பூங்காவில் சாலைக்கு மேல் கிளை விரித்து, தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்பவை இந்த மரங்களே. தென் அமெரிக்காவிலிருந்து நிழலுக்காகக் கொண்டுவந்து நடப்பட்ட அந்த மரத்தின் பலகை, உலக மேடையில் அரிய மரங்களோடு போட்டியிட்டு வென்றது.

இது வெறும் பெருமைக்கான செய்தி அன்று. கித்தார்களுக்காக விரும்பப்பட்ட பிரேசில் ஈட்டி வகை மரம் அழியும் நிலைக்கு வந்ததால், 1992இல் அதன் பன்னாட்டு வணிகம் தடுக்கப்பட்டது. பழைய கதவு, உடைந்த கட்டில், காற்றில் சாய்ந்த மா அல்லது பலா ஆகியவற்றிலிருந்து பின்பலகையும் பக்கங்களும் செய்ய முடியும் என்றால், காட்டில் எஞ்சியிருப்பதை விட்டுவைக்கலாம்.

முகப்புப் பலகைக்கு மட்டும் பெரும்பாலான கைவினைஞர்கள் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தையே தேடுகிறார்கள். குளிர் நாடுகளில் மெதுவாக வளரும் அந்த மரம், எடையில் மிகக் குறைவு. இழையின் நீளவாக்கில் மிக விறைப்பு. இலேசும் விறைப்பும் சேர்ந்தால் ஒலி வேகமாக ஓடும். ஸ்புரூஸ் மரத்தின் நீளவாக்கில் ஒலி நொடிக்கு 5,000 மீட்டருக்கு மேல் ஓடுகிறது; இது காற்றில் ஓடுவதைவிடப் பதினான்கு மடங்கு.

மலைக்காற்றும் மரமும்

இனி, நம் மாணவரின் பட்டறைக்குப் போவோம். 1885இல் வில்லியம் கேமரன் அளக்க வந்ததால் பெயர் பெற்ற மலை இது. 1929இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டமும், பின்னர் வந்த பிற தோட்டங்களும், தமிழ்த் தொழிலாளர்களின் கையுழைப்பால் இந்தச் சரிவுகளில் பச்சைப் பாய் விரித்தன. தானா ராத்தா, பிரிஞ்சாங் ஊர்கள் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. பகலில் வெப்பம் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அரிது. மூடுபனி, மழை, பாசி படர்ந்த காடு. துவைத்த துணி காய எத்தனை நாள் ஆகும் என்று அங்குள்ளவர்களைக் கேட்டால் தெரியும்.

காற்று எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்பதை ‘ஒப்பு ஈரப்பதம்’ என்று அளக்கிறோம். அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை விழுக்காடு இப்போது இருக்கிறது என்பதே அதன் பொருள். கேமரன் மலையில் இது 80 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது வழக்கம். குளிர்சாதன அறையிலோ, குளிர்ந்த கருவியின் மேல் நீராவி தண்ணீராகப் படிந்து குழாய் வழியே வெளியேறிவிடும். அங்கே ஈரப்பதம் 50 விழுக்காடு அளவுக்கு இறங்கலாம்.

வெட்டிப் பல ஆண்டுகள் ஆன மரமும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், திரும்ப வெளிவிடும். சுற்றியுள்ள காற்றுக்கு ஏற்ற ஓர் அளவில்தான் அது நிலைகொள்ளும். 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் வைத்த மரத்தில், அதன் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 16 விழுக்காடு தண்ணீர் தங்கும். 50 விழுக்காடு என்றால் 9 விழுக்காடு மட்டுமே தங்கும்.

தண்ணீர் போனால் மரம் சுருங்கும். நீளவாக்கில் அந்தச் சுருக்கம் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு சிறியது. அகலவாக்கில் அப்படி இல்லை. ஸ்புரூஸ் பலகையில் ஈரச்சத்து ஒரு விழுக்காடு குறைந்தால், அகலம் ஏறக்குறைய 0.15 விழுக்காடு சுருங்கும். 16இலிருந்து 9க்கு வந்தால் ஏழு விழுக்காடு குறைவு. கித்தாரின் அகன்ற பகுதி 400 மி.மீ. என்று வைத்துக் கணக்கிடுங்கள். பலகை 4 மில்லிமீட்டருக்கு மேல் சுருங்க விரும்பும்!

விரும்பினாலும் அதைச் சுருங்க விடுவதில்லை. உள்ளே ஒட்டிய தாங்கு கட்டைகள் பலகையின் குறுக்கே ஓடுகின்றன. அந்தக் கட்டைகளின் இழை நீளவாக்கில் இருப்பதால் அவை சுருங்குவதே இல்லை. பலகை சுருங்கப் பார்க்கிறது, கட்டை விட மறுக்கிறது. விசை ஏறிக்கொண்டே போய், கடைசியில் மரம் தன் இழையோரமாகப் பிளந்துவிடுகிறது. நண்பரின் அறையில் கேட்ட ‘டக்’ என்ற சத்தம் அதுதான்.

தேயிலை ஆலை சொல்லும் பாடம்

தோட்டத்தில் வளர்ந்தவருக்கு இந்த அறிவியல் புதிதில்லை. பறித்த தேயிலைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஆலையில் அதைப் பரப்பிக் காற்று செலுத்தி வாட்டுகிறார்கள், உருட்டுகிறார்கள், நிறம் மாறவிட்டு, பிறகு சூடான காற்றில் உலர்த்துகிறார்கள். முடிவில் தூளில் எஞ்சும் ஈரம் 3 விழுக்காடு அளவுதான். நூறு கிலோ கொழுந்து இருபது கிலோவுக்குச் சற்றே மேலான தூளாக ஆவது இதனால்தான். வாட்டுவதில் தவறினால் மணம் கெடும். உலர்ந்த தூளைத் திறந்து வைத்தால் மலைக்காற்றின் ஈரத்தை மீண்டும் குடித்துவிடும். அதனால்தான் காற்றுப் புகாத உறையில் அடைக்கிறார்கள்.

கித்தார் மரத்துக்கும் வேண்டியது இவைதான்: ஈரத்தை அறிந்து குறைப்பது, குறைத்த பின் மீண்டும் ஏறாமல் காப்பது. அவசரப்பட்டு அடுப்புச் சூட்டில் வாட்டினால் மேற்புறம் மட்டும் காய்ந்து வெடிக்கும். மெதுவாகத்தான் உலர வேண்டும்.

எப்படி உலர்த்துவது? இங்கே இயற்பியல் உதவுகிறது. சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். ஆகவே தண்ணீரை வெளியேற்றாமல் காற்றைச் சூடாக்கினாலே ஒப்பு ஈரப்பதம் இறங்கிவிடும். வெளியே 18 டிகிரி, 85 விழுக்காடு ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். அதே காற்றை ஓர் அலமாரிக்குள் 28 டிகிரிக்குச் சூடாக்கினால், ஈரப்பதம் ஏறக்குறைய 46 விழுக்காடு ஆகிவிடும். பத்து டிகிரி போதும்! பலகைகளை இடைவெளி விட்டு அடுக்கி வைத்த அலமாரியில் இளஞ்சூடு கிடைத்தால் மரம் தானாகவே புதிய அளவுக்கு வந்து சேரும். சூடேற்றும் கருவியைப் பெரியவர்களின் மேற்பார்வை இல்லாமல் வைக்கக் கூடாது. மரமும் சூடும் ஓரிடத்தில் இருந்தால் தீ விபத்துக்கு வாய்ப்பு உண்டு. ஈரம் உறிஞ்சும் மின்கருவி இருந்தால் அது இன்னும் பாதுகாப்பானது.

மரம் உலர்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? வாரம் ஒரு முறை எடை போட வேண்டும். எடை குறைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் அசையாமல் நிற்கும். அப்போதுதான் ஒட்டும் வேலையைத் தொடங்கலாம்.

வறண்ட பக்கம் நின்று செய்

பல நாட்டுக் கைவினைஞர்களும் பட்டறையின் ஈரப்பதத்தை 45 முதல் 50 விழுக்காடு அளவில் வைத்துக்கொண்டுதான் தாங்கு கட்டைகளை ஒட்டுகிறார்கள். ஏன் அந்த அளவு?

உலர்ந்த நிலையில் ஒட்டிய கித்தார் ஈரமான இடத்துக்குப் போனால், முகப்பு சற்று உப்பும். தந்திகள் உயர்ந்து, அழுத்துவது கடினமாகும். குரலும் கொஞ்சம் மங்கும். ஆனால் பலகை பெரும்பாலும் பிளக்காது. மீண்டும் உலர்ந்த இடத்துக்கு வந்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஈர நிலையில் ஒட்டியது உலர்ந்த இடத்துக்குப் போனால் விரிசல் விழும். விழுந்த விரிசல் தானாக மூடாது. ஒரு பக்கத்துத் தவறு திருத்தக் கூடியது, மறு பக்கத்துத் தவறு திருத்த முடியாதது. அதனால் வறண்ட பக்கம் நின்று செய்வதே அறிவு.

நம் மாணவர் எங்கே வாழ்கிறார் என்பதைவிட, நண்பர் எங்கே வாழ்கிறார் என்பதுதான் இந்தக் கித்தாருக்கு முக்கியம். மலையில் செய்தாலும், நண்பரின் அறைக் காற்றிலேயே அதைச் செய்ய வேண்டும்.

ஈரமே உதவும் இடம்

ஒரே ஒரு வேலையில் ஈரம் நமக்கு நண்பன். வீணையின் குடத்தைத் தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் பலா மரத்திலிருந்து குடைந்து எடுக்கிறார்கள். கித்தாரின் பக்கங்களைக் குடைவதில்லை. ஏறக்குறைய 2 மி.மீ. தடிமனுள்ள நேரான பட்டையை நனைத்து, சூடான உலோகக் குழாயில் அழுத்தி வளைக்கிறார்கள்.

மரம் ஏன் வளைகிறது? மரத்தின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் பொருள் லிக்னின். ஈரமும் சூடும் சேரும்போது, தண்ணீரின் கொதிநிலையை ஒட்டிய வெப்பத்தில் அது இளகிவிடும். அப்போது இழைகள் வழுக்கிப் புதிய வடிவம் எடுக்கும். ஆறியதும் லிக்னின் மீண்டும் இறுகி, அந்த வடிவத்தையே பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டால் ‘படக்’கென்று முறியும். வளைத்த பட்டைகளை அச்சில் பொருத்தி, மறுபடியும் நன்றாக உலரவிட வேண்டும். அந்த ஈரம் உள்ளே தங்கினால் பழைய கதைதான்.

ஒட்டுவதற்குத் தச்சர்கள் பழங்காலத்திலிருந்து பயன்படுத்தும் வச்சிரப் பசையை இன்றும் பல கைவினைஞர்கள் விரும்புகிறார்கள். விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் இந்தப் பசை இறுகியபின் கடினமாக நிற்கும். சூடும் ஈரமும் பட்டால் இளகும்; ஆகவே பின்னாளில் பழுது பார்க்க வேண்டியிருந்தால், கித்தாரைச் சேதமின்றிப் பிரிக்கலாம்.

மெட்டுகளின் கணக்கு

கித்தாரின் கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பிகளை வீணையில் ‘மெட்டு’ என்கிறோம். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிக்கப்படுபவை. சுருதி தவறினால் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்திக்கொள்ளலாம். கித்தாரில் வாளால் பள்ளம் அறுத்து மெட்டை அடித்து இறக்குகிறார்கள். ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் காதுக்குத் தெரியும். எனவே இங்கே கணக்குத்தான் வழிகாட்டி.

12 அரைச்சுரங்கள் ஏறினால் அதிர்வெண் இரு மடங்காக வேண்டும். ஆகவே ஒவ்வொரு படியும் 2இன் பன்னிரண்டாம் மூலம், அதாவது 1.0595 மடங்கு. இதிலிருந்து எளிய வழி ஒன்று கிடைக்கிறது: மீதியுள்ள தந்தி நீளத்தை 17.817ஆல் வகுத்தால் அடுத்த மெட்டுக்கான இடைவெளி கிடைக்கும். 650 மி.மீ. தந்திக்கு முதல் இடைவெளி 36.48 மி.மீ. மீதி 613.52. அதை மீண்டும் வகுத்தால் 34.43. இப்படியே போனால் 12ஆம் மெட்டு சரியாக நடுவில், 325 மி.மீ. இல் வந்து நிற்கும்.

அறிவியலாளர் கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலெய் ஓர் இசைக்கலைஞர். அவர் 1581இல் வெளியிட்ட நூலில் 17.817க்குப் பதிலாக 18 என்ற எளிய எண்ணைச் சொன்னார். அதைப் பயன்படுத்தினால் நம் கித்தாரின் 12ஆம் மெட்டு 2 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். அது சரிதானா என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

நண்பரின் கை அளவு

கடையில் வாங்கும் கித்தார் எல்லாருக்கும் பொதுவானது. நண்பருக்காகச் செய்யும்போது அவரையே அளந்து செய்யலாம். விரல் குட்டையானவர் என்றால் தந்தி நீளத்தை 630 மி.மீ. ஆகக் குறைக்கலாம், மெட்டுகள் நெருங்கி வரும், இழுவிசையும் குறையும். இடக்கையர் என்றால் தாங்கு கட்டைகளைக் கண்ணாடியில் தெரிவது போல மாற்றி அமைக்க வேண்டும். புதிதாகக் கற்பவர் என்றால் நைலான் தந்தி விரலுக்கு இதமாக இருக்கும்.

முடிந்த கித்தாரைக் கொடுக்கும்போது கூடவே ஒரு சிறிய ஈரப்பதமானியையும் கொடுக்க வேண்டும். வாசிக்காத நேரத்தில் கித்தாரைப் பெட்டிக்குள் மூடி வைக்கச் சொல்ல வேண்டும். ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே போனால், துளையிட்ட சிறு டப்பாவில் நன்கு பிழிந்த ஈரப்பஞ்சை வைத்து அந்தப் பெட்டிக்குள் போடலாம். குளிர்சாதனக் காற்று நேராகப் படும் இடத்திலோ, வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ வைக்கக் கூடாது. விடுமுறைக்கு மலைக்குக் கொண்டுவரும்போது தந்திகள் சற்று உயர்ந்திருந்தால் பயப்பட வேண்டாம். நகரத்துக்குத் திரும்பியதும் அது இறங்கிவிடும்.

செய்து பாருங்கள்

1. ஈரப்பதமானி உண்மை சொல்கிறதா? ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறு போலக் குழையுங்கள். உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது. அதையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத பையில் சேர்த்து மூடி, ஓர் இரவு வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிற்கும். கருவி 70 என்று காட்டினால் அது 5 குறைத்துச் சொல்கிறது என்று பொருள்.

2. மரம் எந்தப் பக்கம் சுருங்குகிறது? பைன் பலகை ஒன்றிலிருந்து 100 மி.மீ. நீளமுள்ள இரண்டு துண்டுகளை அறுத்துத் தரச் சொல்லுங்கள். ஒன்று இழையின் நீளவாக்கில், மற்றது குறுக்குவாக்கில். இரண்டையும் மேலே சொன்ன உப்புப் பெட்டியில் ஒரு வாரம் வைத்து எடை போட்டு, வெர்னியர் அளவியால் நீளத்தை அளந்து எழுதுங்கள். பிறகு குளிர்சாதன அறையில் ஒரு வாரம் வைத்து மீண்டும் அளந்து பாருங்கள். எடை இரண்டிலும் குறையும். நீளம் எதில் குறைகிறது?

3. தடிமனின் மும்மடி. ஒரே அட்டையிலிருந்து மூன்று சம பட்டைகள் வெட்டுங்கள். இரண்டை நன்றாக ஒட்டி இறுக்கி உலரவிடுங்கள். ஒற்றைப் பட்டையை மேசை விளிம்பில் நீட்டி வைத்து, நுனியில் ஒரு நாணயம் வைத்து எவ்வளவு தாழ்கிறது என்று அளவுங்கள். ஒட்டிய பட்டை அதே அளவு தாழ எத்தனை நாணயங்கள் வேண்டும்? விடை எட்டுக்கு அருகில் வந்தால், கித்தார் கைவினைஞர் ஏன் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்காகக் கவலைப்படுகிறார் என்பது உங்களுக்குப் புரிந்துவிடும்.